அன்னம்மாள் மாட்டிவைத்த அட்டை

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி லேபில் அன்னம்மாள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். தோலுக்கு ஏற்றும் எண்ணெய் தண்ணீரோடு பிரியாமல் சேர்ந்து நிற்கவேண்டும். அதைச் சேர்க்கும் கை அவளுக்கு இருந்தது. படிப்பு பத்தாவதுதான். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாம் கெடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

புருஷன் தானியேலுக்குத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில் சாப்பிடுவான். அவனுக்காகத்தான் தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, கற்றாழைத் தண்ணி எல்லாம் வைத்து வீட்டிலேயே ஒரு கிரீம் செய்து பார்த்தாள். முப்பது தடவை கெட்டுப்போய், அதற்கப்புறம் பிரியாமல் நின்றது. ஒரு மாதத்தில் தானியேல் கையால் பிசைந்து சாப்பிட்டான்.

அதைக் கேள்விப்பட்டு வேலூரிலிருந்து சௌமியா வந்தாள். எம்.பி.ஏ. படித்த பெண். இயற்கை அழகுப் பொருள் கம்பெனி ஆரம்பிக்க அலைந்துகொண்டிருந்தாள். கையில் தடவிப் பார்த்தவள் அன்றைக்கு இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.

"லேப் வேலைய விட்டுட்டு என்கூட வந்துடுங்கக்கா. சம்பளம் அதேதான். மேல ஒரு டப்பாவுக்கு ரெண்டு ரூபா. இது உங்க சரக்கு."

அவள் போனதும் தானியேல், "எழுதி வாங்கு" என்றான்.

"நம்ம வூட்ல உக்காந்து களி துன்னுட்டுப் போவுது அந்தப் பொண்ணு. அதுகிட்ட பேப்பரு கேக்கச் சொல்றியா?"

"களி துன்னா கையெழுத்து வராதா இன்னா?"

அவள் கேட்கவில்லை. லேபை விட்டுச் சௌமியாவிடம் சேர்ந்த முதல் வாரமே இன்னொரு காரியமும் செய்தாள். தோல் கம்பெனியில் தோலைப் போட்டு உருட்டும் ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் அட்டை தொங்கும். எது எத்தனை சதவீதம், எத்தனை நிமிஷம் என்று அதில் எழுதியிருக்கும். அட்டை இல்லாத டிரம்மை எவனும் தொடமாட்டான். அந்தப் பழக்கத்தில் தன் கிரீமுக்கும் குண்டு குண்டு எழுத்தில் ஓர் அட்டை எழுதிக் கலக்கும் அறைச் சுவரில் மாட்டினாள். முப்பது தடவை கெட்டுப்போய்க் கற்றதை ஆணியில் தொங்கவிட்டாள்.

ஏழு மாதம் ரெண்டு ரூபாய் ஒழுங்காக வந்தது. எட்டாம் மாதம் சௌமியா ஒரு கவரோடு வந்தாள்.

"இனிமே ஓசூர் ஃபேக்டரியில போட்டுத் தந்துடுவாங்கக்கா. இதுல ஒரு மாச சம்பளம் இருக்குது."

"அப்ப அந்த ரெண்டு ரூபா?"

"அது நீங்க கலக்குற டப்பாவுக்குத்தானேக்கா."

"நான் கலக்காம அது எப்டிம்மா கிரீமு ஆவும்?"

"கார்டுல எல்லாம் இருக்குதே. போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

கள்ளம் இல்லாமல்தான் சொன்னாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட அன்னம்மாள் தாங்கியிருப்பாள். பழைய லேபில் போய்க் கேட்டாள். அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வீட்டில் கிரீம் காய்ச்சும் கிண்ணத்தை அப்புறம் அவள் தொடவேயில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் போன் வந்தது.

"அக்கா, ஓசூர்ல போட்டது எண்ணெ தனி தண்ணி தனியா நிக்குது. கார்டுல இருக்கறபடிதான் போட்டாங்களாம். எல்லாம் போச்சு."

அன்னம்மாளுக்குக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. அட்டையில் இல்லாதது ஒன்று உண்டு. டிரம் ஓட்டும் எவனுக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் எழுதுவதில்லை. பக்கத்தில் தானியேல் ரெண்டு விரலை நீட்டிக் காட்டினான். ரெண்டு ரூபாயைக் கேள் என்றான்.

கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் தன் சரக்கு பிரிந்து நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு அவளால் உட்கார முடியவில்லை.

"அடுப்ப நிறுத்திட்டு அப்டியே வுட்டுட்டானுங்களா? கை சூட்டுக்கு வர்ற வரைக்கும் கலக்கிக்கினே இருக்கணும்னு சொல்லும்மா."

"தேங்க்ஸ்க்கா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அந்த அப்புறம் வரவேயில்லை. தானியேல் கை மறுபடி வெடித்தது. அன்னம்மாள் மெடிக்கலில் முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கொடுத்து அந்தக் கிரீமிலேயே ஒரு டப்பா வாங்கி வந்தாள். மூடியில் இருந்ததைத் தானியேல் உரக்கப் படித்தான்.

"எங்கள் ஆயாவின் கைப்பக்குவம்."

சௌமியாவின் அந்தப் பாட்டியை அன்னம்மாள் பார்த்திருக்கிறாள். கடையில் வாங்கும் ஸ்நோவும் பவுடரும் தவிர வேறு எதையும் தொடாத அம்மா அது.

விரலில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். "நல்லா நின்னிருக்குது" என்றாள். அவன் கையைப் பிடித்தாள்.

"எனக்கு வாணாம்" என்று தானியேல் கையை இழுத்துக்கொண்டான். எழுந்து போய் ஸ்பூனை எடுத்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான்.