தாட்சாயிணி கடையில் படம் மாறிய வெள்ளிக்கிழமை

தாட்சாயிணிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'சாவு போஸ்டர்காரம்மா' என்பார்கள். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் என் மாவுக் கடையை ஒட்டினாற்போல் அவளுடைய டிசைன் கடை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவளிடம்தான் ஓடி வருவார்கள். கசங்கிப்போன ரேஷன் கார்டு படத்தைக் கொடுத்தால்கூட அதைத் துலக்கி முகத்தில் களை வரவைத்துவிடுவாள். ஆனால் அதே வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் பேனர் அடிக்க அம்பத்தூருக்குப் போய்விடுவார்கள். துக்கத்துக்குச் செய்த கை நல்லதுக்கு ஆகாது என்று ஒரு நினைப்பு.

அவளுடைய புருஷன் நாகேந்திரனுக்கு அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் ஒப்பந்த வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இவள் டி.டி.பி. படித்தாள். ஒரு பிளெக்ஸ் கடையில் சில வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். புலம்புகிற பெண் அல்ல. ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்:

"நம்ம தெருவுல ஒரு நல்ல காரியத்துக்காவது என் கையால பேனர் ஏறணும்க்கா. அப்புறம் இவங்க வாய் தானா மூடிக்கும்."

அம்மன் காதில் அது விழுந்திருக்க வேண்டும். பெரிய வீட்டுப் புஷ்பாம்மா ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார். அவருடைய மருமகள் கலைவாணிக்கு, எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு, வளைகாப்பு.

"வெள்ளிக்கிழமை காலைல ராகு காலத்துக்கு முன்ன மருமவளோட வர்றேன். அவளுக்குப் புடிச்சா செய். இல்லாங்காட்டி அம்பத்தூருதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பூவை இங்கே வை, பேரைப் பெரிசாக்கு என்று சொல்லச் சொல்லத்தான் வேலை நடக்கும். அதற்காகவே சுவரில் பெரிய டிவி மாட்டியிருந்தாள். கம்ப்யூட்டரில் என்ன தெரிகிறதோ அது டிவியிலும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று ஒரு சத்தம். ஓடினேன்.

டிவி முழுக்கப் பெரியவர் குணசேகரன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. முந்தின நாள் அவள் அடித்துக் கொடுத்த போஸ்டர். மெஷினைப் போட்டதும் எப்போதும் மாங்காட்டுக் காமாட்சி படம் வரும் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னா தாட்சா இது?"

"மெஷினைப் போட்டேன், இவர் வந்து நிக்கிறாரு. போவ மாட்டேங்கிறாரு."

"வேற படத்த வையேன்."

"வைக்க வுடமாட்டேங்குதுக்கா. பாரு, படம் மாத்துற இடத்துல எழுத்தெல்லாம் வெளுத்துப்போய்க் கீது. அமுக்கினா அமுங்கல. டிசைனைத் தொறந்து மறைச்சாலும், மூடித் தொறக்கிறப்பல்லாம் எட்டிப் பாப்பாரு."

அணைத்துப் போட்டாள். பெரியவர் மறுபடி வந்தார்.

"டிவியை அணைச்சுடு. கம்ப்யூட்டர் பொட்டி மேல துண்டைப் போடு" என்றேன்.

"துண்டைப் போட்டுட்டு எதுலக்கா டிசைன் காட்டுறது, உன் மாவு பாக்கெட்லயா?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே கண் கலங்கிவிட்டது. "மாசமா இருக்கிற பொண்ணுக்கா. உள்ள வந்ததும் இது கண்ணுல பட்டா அவங்க திரும்பிப் பாக்காமப் போயிருவாங்க. அந்தப் பேரு எனக்குக் கட்டையில போற வரைக்கும் நிக்கும்."

நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். அவள் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்ரீராமுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். ரயிலில் இருந்தான் போலிருக்கிறது, ஒரே இரைச்சல்.

"நீதானே அக்கா பூட்டு போடச் சொன்ன! வர்ற பசங்க சாமியை எடுத்துட்டு நடிகரு படத்த வைக்கிறானுங்க, யாரும் மாத்த முடியாதபடி பண்ணுன்னு. பண்ணிட்டேன்."

"அந்தப் பூட்டைத் தொறடா, தம்பி."

"நேர்லதான் வரணும். பன்னெண்டு ஆவும்."

"ராகு காலம் பொறக்கிறதுக்குள்ள வர்றாங்கடா! சாமிக்குப் போட்ட பூட்டுல எப்படிடா போஸ்டர் வந்துச்சு?"

"பூட்டு படத்துக்கு இல்லக்கா. சாமின்னு ஒரு ஃபோல்டர் கீதுல்ல, அதுல அம்மன்னு பேரு வச்ச படம் எதுவோ, மெஷின் போடும்போது அத்த எடுத்து..." லைன் அறுந்துவிட்டது.

தாட்சாயிணி போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான்க்கா செஞ்சேன்!"

அவளுக்கு ஒரு பழக்கம். நாம் பிள்ளையார் சுழி போடுவதுபோல, எந்த வேலையானாலும் அந்தச் சாமி ஃபோல்டரில் அம்மன் என்று பேர் வைத்துவிட்டுத்தான் கை வைப்பாள். அது டிசைன் ஃபைல், படம் வேறு ரகம் என்பதால் சாமி படத்தோடு மோதாது. முடிந்ததும் உரியவர் பேரை மாற்றி எடுத்து வைப்பாள். நேற்று துக்க வீட்டார் தலைமேல் நின்று அவசரப்படுத்தியதில், அச்சுக்கு அனுப்பும் படத்தையும் அந்தப் பேரிலேயே சேமித்துவிட்டாள். ஏற்கெனவே இதே பேரில் ஒன்று இருக்கிறதே, அதன்மேல் எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. சரி என்று தட்டிவிட்டாள். காமாட்சி போய் அந்த இடத்தில் குணசேகரன் வந்துவிட்டார்.

"அப்போ பூட்டைத் தொறக்கவே வேணாம்க்கா. அதே இடத்துல, அதே பேருல வேற படத்த வச்சா தானா எடுத்துக்கும்."

பெரியவர் படத்தை முதலில் வேறு பேரில் பத்திரப்படுத்தினாள். பதினாறாம் நாளுக்கு வேண்டும். ஆனால் பழைய அம்மன் படம் போனது போனதுதான்.

"அக்கா, இன்னிக்குக் காலைல நீ படம் அனுப்பினியா?"

வெள்ளிக்கிழமைதோறும் நான் தெரிந்தவர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அம்மன் படம் அனுப்புவேன். "அனுப்பாம இருப்பேனா? நீதான் பாக்கறதே இல்ல" என்றேன்.

"இன்னிக்குப் பாக்கறேன், தாயே."

சிவப்புப் பட்டு கட்டிய அம்மன், சுற்றிலும் ரோஜா, கீழே 'இனிய வெள்ளிக்கிழமை வணக்கம்'. அதற்கு அம்மன் என்று பேர் வைத்து, சாமி ஃபோல்டரில் போட்டு, மெஷினை அணைத்துப் போட்டாள். டிவி கறுத்துக் கிடந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரரிடம், "ஓரமா நிறுத்துப்பா, புள்ளத்தாச்சி இறங்கணும்" என்று புஷ்பாம்மா சொல்வது கேட்டது. அந்தப் பழைய மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. தாட்சாயிணி என் கையைப் பிடித்தாள்.

மருமகள் கலைவாணியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி புஷ்பாம்மா படி ஏறினார். டிவி பளிச்சென்றது.

அம்மன்! சுவர் நிறைய, ரோஜாவும் சிரிப்புமாக.

புஷ்பாம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா கலை, நுழையறப்பவே தாயாரு நிக்கறா."

அப்புறம் ஒரே சிரிப்புதான். "பேனர்ல அத்தை மூஞ்சி என்னவிடப் பெரிசா கீது" என்றாள் கலைவாணி. "இருக்கட்டும்டி, வளையலுக்குக் காசு யாரு குடுக்கறது?" என்றார் மாமியார். தாட்சாயிணி மாமியாரை ஒரு சுற்றுச் சின்னதாக்கி, கலைவாணியின் தலையில் பூவும் கை நிறையப் பச்சை வளையலும் ஏற்றினாள். அந்தப் பெண் தன் படத்தைத் தானே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது புஷ்பாம்மா வாசலில் நின்று தங்கைக்குப் போன் போட்டார். தெரு முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு.

"உன் பொண்ணு கல்யாணப் பேனரு எங்க குடுக்கப் போற? அம்பத்தூரா? அங்கெல்லாம் எதுக்குடி போவணும்? நம்ம வளைகாப்பு தாட்சாயிணி இங்கியே கீறா!"

உள்ளே தாட்சாயிணி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியாக்கா, இன்னா பேரு வச்சாங்கன்னு?" என்றாள்.