தனி ஆவர்த்தனமும் சத்தமில்லாத நாற்காலியும்

டிராயிங் போர்டில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். ஆள் வந்து உட்கார்ந்ததும்தான் வினை ஆரம்பம். டிசைன் இன்ஜினீயராக மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு இது தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஈக்காட்டுத்தாங்கலில் இரும்பு நாற்காலி செய்யும் பட்டறை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மயிலாப்பூர் சபா ஒன்றில் யாராவது அசைந்தால் போதும், இரும்பு மடக்கு நாற்காலிகள் கிரீச்சிடும். சத்தமில்லாத நாற்காலி வேண்டும் என்றார் செக்ரட்டரி. இந்த ஆர்டர் கிடைத்தால் என் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்றார் முதலாளி.

கிரீஸ் வைத்தியம்

கல்லூரியில் படித்த முழு அறிவையும் திரட்டி, பத்து நாற்காலிகளின் மூட்டுகளில் தாராளமாகக் கிரீஸ் தடவினேன். கச்சேரி முழுக்க ஒரு முனகல் இல்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மங்களம் முடிந்ததும் ஒரு மாமி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நாற்காலி வாயை மூடிண்டது சரி, என் பட்டுப்புடவைக்கு யார் பதில் சொல்றது?"

நூறு கிலோ மூட்டை

அடுத்து, மூட்டுக்கு மூட்டு நைலான் வாஷர் வைத்து நட்டு முடுக்கினேன். நூறு கிலோ மூட்டையை ஏற்றிப் பார்த்தேன், அசையவில்லை. சபாவில் போட்ட இரண்டாம் நாளே கனத்த ரசிகர் ஒருவர் தொடையில் ஆதிதாளம் போட்டுத் தள்ள, நட்டு கழன்று உருண்டோடியது. அவர் உருளாமல் நான்தான் தாங்கிப் பிடித்தேன். வெல்டர் தனபாலிடம் போய்ப் புலம்பினேன்.

"இன்னா சார் நீ, மூட்டை இன்னா தாளமா போடும்? ஆளை உக்கார வெச்சுப் பாக்க வேணாமா?"

கண்ணைத் திறந்தால்

நட்டின் மேல் இன்னொரு நட்டு போட்டோம். ஒரு மத்தியானம் முழுக்கப் பட்டறையே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஒரு நட்டும் கழலவில்லை, எனக்கோ ஒரே குஷி. ஐம்பது நாற்காலிகள் சபாவின் முன்வரிசைகளுக்குப் போயின.

அன்று மிருதங்க வித்வான் கண்ணை மூடித் தனி ஆவர்த்தனம் வாசித்தார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கேன்டீனுக்கு நழுவினால் நாற்காலி காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து பாதிப் பேர் உட்கார்ந்தே இருப்பார்கள். இப்போது என்ன பயம்? வித்வான் கண்ணைத் திறந்தபோது ஐம்பதும் காலி.

"பழைய நாற்காலியையே போடுங்கோ!" என்று கத்திவிட்டுப் போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். செக்ரட்டரி என் தோளில் கை போட்டார்.

"அவர் கிடக்கார். இத்தனை பேர் எழுந்து போனது பக்கத்துல நின்ன எனக்கே கேக்கலையே! நானூறு போடுங்கோ."

வேலை நிரந்தரமாயிற்று. வித்வானுக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, காபி வாசனை மூக்கைத் துளைத்தாலும் தனி முடியும்வரை இன்றும் நான் எழுந்திருப்பதில்லை.