பெல்ட்டைக் கழற்றியபின் கேட்காத சத்தம்

வார்க்காரர் தம் மச்சினனுக்கு ஒரு காலத்தில் முப்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அந்தப் பணத்தில் வாங்கிய பழைய தோல் தையல் மெஷின் மூன்றே மாதத்தில் உயிரை விட்டது. கடன் அடைய நாலு வருஷம் ஆயிற்று. அதற்குள் மச்சினன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், "அத்தான், மெஷின் சௌக்கியமா?" என்று விசாரிக்கத் தவறியதில்லை.

வார்க்காரர் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஆனால் கையில் ஒரு குத்தூசியோடு தொடங்கி, தோல்வாரும் பையும் தைத்தே சொந்தப் பட்டறை போட்டவர். தோலைத் தடவியே மாட்டின் வயதைச் சொல்வார். சரியா தப்பா என்று மாட்டைக் கேட்கவா முடியும்? அப்பேர்ப்பட்டவர் மெஷின் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார். விற்றவன் கொடுத்த மெல்லிய தோலில், விற்றவன் நூலில், அவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்த மெஷினில் தைத்துப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டார். சூடேறிய எண்ணெய் தேய்மானத்தின் சத்தத்தை மூடி மறைக்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இப்போது இருநூறு பைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. கையால் தைத்தால் ஆகிற காரியமில்லை என்று இன்னொரு பழைய மெஷினை விலை பேச வந்திருந்தார். மனைவி ஆறு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தோல்பையில் போட்டு, மடியில் அணைத்தபடி கூடவே வந்திருந்தாள். இதுவும் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

விற்பவர் செருப்புப் பட்டறைக்காரர். மகளோடு போய் இருக்கப் போகிறார். வாழ்நாளெல்லாம் மெஷினோடு இருந்ததில் காது மந்தம். விலை நாற்பத்தைந்தாயிரம் என்றார்.

வார்க்காரர் காய்ச்சல் பார்ப்பதுபோல மெஷின் தலையில் புறங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"சுடுதே, தம்பி."

"காலையில ரெண்டு ஜோடி தைச்சேண்ணே."

"ஆறட்டும். நான் காத்திருக்கேன்."

ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு சொந்த ஊசியைப் பூட்டி, சொந்த நூலைக் கோத்து, சொந்தத் தோலை எட்டு மடிப்பாக வைத்து மிதித்தார். தையல் மேலும் கீழும் எறும்புச் சாரையாய் ஓடியது. ஆனால் கூடவே ஒரு சத்தம். டக். சற்று நிதானித்து மறுபடியும் டக்.

"சத்தம் வருதே, தம்பி," என்று மிதித்தபடியே உரக்கச் சொன்னார். அந்தப் பழைய மெஷினும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"என்ன சத்தம்?" என்றார் செருப்புக்காரர். தமக்குக் கேட்காததால் மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு தெரிந்ததும் முகம் சுருங்கியது. "சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. ஐயாயிரம் குறைச்சுக்கோங்க."

மனைவி எழுந்தாள். "வாங்க, போலாம். என் தம்பி வெறும் வாயையே மெல்லுறவன். இன்னொரு தடவை அவல் குடுக்க வேணாம்."

"செத்த உக்காரு."

வார்க்காரர் பெல்ட்டைக் கழற்றினார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, மெஷின் தலையில் காதை ஒட்டினார். ஒரு சுற்று, பத்துச் சுற்று. எண்ணெயில் விட்ட விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு சத்தமும் இல்லை. கழற்றிய பெல்ட்டை விரலில் ஓட்டிப் பார்த்தார். அறுந்த இடத்தில் கம்பி போட்டு இணைத்திருந்தது. அந்த முடிச்சு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்'.

நாலு வருஷப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. அந்த நிம்மதியில் வாயை அடக்க மறந்தார். அதுவும் மந்தக் காதுக்குக் கேட்கிற குரலில்.

"தம்பி, மெஷின் குதிரை மாதிரி இருக்கு. கோளாறு உன் பெல்ட்டுலதான். இன்ஜினியர் வந்தாலும் இதைக் கண்டுபிடிக்க மாட்டான். இந்தக் காது கண்டுபிடிச்சிருச்சு பாத்தியா?"

செருப்புக்காரர் முகம் மலர்ந்தது. "அப்போ பழைய விலைதானேண்ணே?"

மனைவி கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ஐயாயிரத்தைக் கூவியே தொலைச்சிட்டீங்க."

"போனாப் போகுது. உன் தம்பி இனிமே என்ன கேப்பான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியிலிருந்த பையை ஒருவழியாகத் திறந்தாள். செருப்புக்காரர் நூல் அறுத்த தழும்புகள் நிறைந்த கையை நீட்டினார். அவருக்குக் கேட்கும்படி உரக்க எண்ணிக்கொண்டே, ஆயிரம் ஆயிரமாக அந்த உள்ளங்கையில் வைத்தாள். நாற்பத்தைந்து.