ஊதுங்க

டிப்போவில் அந்த டிரைவரை எல்லோரும் பலூன் என்றுதான் கூப்பிட்டார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தால் வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஊரில் மற்ற பலூன்களை யாராவது ஊதுவார்கள். இந்தப் பலூன் மட்டும் தினமும் இரண்டு தடவை தானே ஊதியாக வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் டிப்போ வாசலில் குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மெஷினில் ஒரு தடவை. சாயங்காலம் வீட்டு வாசலில் மனைவியின் மூக்குக்கு நேராக ஒரு தடவை. மெஷின் எல்லா டிரைவர்களுக்கும் பொது. மூக்கு இவருக்கு மட்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குடியை விட்டபோது தொடங்கிய வழக்கம் அது. "ஊதுங்க" என்பாள். ஊதுவார். முதல் வருஷம் அது சோதனை. இரண்டாம் வருஷம் கேலி. அப்புறம் அது இல்லாமல் செருப்பைக் கழற்றவே அவருக்குத் தெரியாது. சில வீட்டில் வாசலில் முத்தம் கொடுப்பார்களாம், இந்த வீட்டில் ஊதினார்கள், அவ்வளவுதான்.

குடி போன இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்துகொண்டது. டீயில் ஆறு ஸ்பூன். சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது, இனிமேல் தகுதிச் சான்றிதழ் தர முடியாது என்று டிப்போ டாக்டர் கையை விரித்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை மேலே இழுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் இரண்டு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. சர்க்கரை கூடாது. ஆல்கஹால் ஒரு சொட்டும் கூடாது. மனைவி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

ஏழு மாதத்தில் நாற்பத்தாறு கிலோ கரைந்தது. துணி திருத்தும் கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் அவர் யூனிஃபார்மை மனைவியே நான்கு தடவை பிரித்துப் பிடித்துத் தைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கோ யாரோ பக்கத்து வீட்டுக்காரனைப் பாராட்டுவது போலிருந்தது. பசி இல்லை. ருசி இல்லை. சந்தோஷம், துக்கம் இரண்டும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியில் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி ஆளே மரத்துப்போயிருந்தார். இதை யாரிடம் சொல்வது? இளைத்ததற்கு அழுகிறவனை ஊர் சும்மா விடுமா?

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அவருக்குக் கிடைத்த இலுப்பைப்பூ, சர்க்கரை இல்லாத மிட்டாய். நாளைக்கு இரண்டு போதும் என்று ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் சொல்லியிருந்தாள். இவர் பன்னிரண்டு தின்றார். பிடித்துப்போய்த் தின்னவில்லை, சிக்னலில் நிற்கும்போது வாய் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். வயிறு உப்பிக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அவருக்குள்ளேயும் ஒரு ஹார்ன் அடித்தது. நல்லவேளை, டீசல் எஞ்சின் சத்தம் அதிகம்.

ஐந்தாம் தடவை சட்டையைப் பிரிக்க எடுத்தபோதுதான் மனைவி அந்த மிட்டாய்ப் பாக்கெட்டைப் பார்த்தாள். எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டினாள். சுகர், பூஜ்யம். அடுத்த வரி, சுகர் ஆல்கஹால், பதினாலு கிராம். தினமும் ஃப்ரிட்ஜ் கதவில் பார்க்கிற சொல்லாயிற்றே, தப்பாகப் படிக்க வழியில்லை. ஒரு மாதமாகவே அவர் ஊதும்போது கனிந்து அழுகின பழ வாசனை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதையும் இதையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் நின்று மூச்சை இழுத்தார். அவள் டிபன் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் அவரே கேட்டார்.

"ஊதச் சொல்லலையா?"

"எதுக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே."

பாக்கெட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கத்தவில்லை. பழைய நாளில் எவ்வளவு கத்தியிருக்கிறாள்! இப்போது விரலால் அந்த வரியைக் காட்டிவிட்டு, "ஒம்பது வருஷம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் படித்தார். மறுத்துப் பேசத்தான் படித்தார். ஆனால் அச்சில் இருக்கிறதே. ஏழு மாதமாக ஏன் ஒன்றும் உறைக்கவில்லை என்பதற்கு அங்கே விடை இருந்தது. அந்தக் காலத்திலும் மரத்துப்போகத்தானே குடித்தார். ஆக, தெரியாமலே தினமும் பன்னிரண்டு தடவை குடித்திருக்கிறார். ஒன்பது வருஷமும் போயிற்று. அதற்காவது அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை. கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

காலையில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார். டிப்போ மெஷினில் ஊதினார். பூஜ்யம் காட்டியது. மெஷின் பழசு, அதற்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். முதல் டிரிப் முடிந்ததும் எதிர்முனை டீக்கடையில், "சர்க்கரை போட்டே குடுங்க. பழையபடி ஆறு" என்றார். ஆல்கஹாலுக்குச் சர்க்கரை எவ்வளவோ மேல் என்பது அவர் கணக்கு. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

இருபது நிமிஷத்தில் வயிறு முறுக்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. எப்படியோ அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். கண்டக்டர் முன்னால் ஓடிவந்தான்.

"அண்ணே, போட்டிருக்கீங்களா?"

"ஆமா" என்றார். "ஏழு மாசமா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் டிப்போவுக்குப் போன் போட்டான். செக்கிங் இன்ஸ்பெக்டர் கைமெஷினோடு வந்தார். ஊதச் சொன்னார். பூஜ்யம். இன்னொரு மெஷின். அதுவும் பூஜ்யம்.

"யோவ், குடிக்காமலே குடிச்சேன்னு சொல்ற மொத ஆளு நீதான்யா" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மனைவிக்கும் போன் போயிற்று.

டயட்டீஷியன் முதலில் டீயைப் பற்றித்தான் திட்டினாள். "சர்க்கரை நேராக் குடல்ல போய்க் கொட்டுது. அதான் உங்களத் தூக்கிப் போட்டுச்சு. ஓடுற வண்டியில இது வந்திருந்தா?"

மனைவி கைப்பையிலிருந்து, குப்பையிலிருந்து பொறுக்கிய பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அப்ப இது?"

டயட்டீஷியன் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்து, எதிரே இருந்த இரண்டு முகத்தையும் பார்த்ததும் போய்விட்டது.

"அம்மா, இது பேருதான் ஆல்கஹால். சாராயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது இனிப்பு. போதை ஏறாது. அதிகமாத் தின்னா வயிறு ஊதும், வெளிக்குப் போகும், அவ்வளவுதான்."

"பேர் வெச்சவனுக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்றார் டிரைவர். அவர் குரலில் கோபமிருந்தது. அவருக்கே அது புதுசாக இருந்தது.

"வாசனை வருதே" என்றாள் மனைவி.

"சாப்பாடு கம்மி. உடம்பு தன் கொழுப்பையே கரைச்சுக்குது. அப்ப வாயில அப்படித்தான் வரும்."

"அப்போ இவரு குடிக்கல."

"இல்லம்மா."

மனைவி இன்னொரு தடவை கேட்டாள். டயட்டீஷியன் இன்னொரு தடவை சொன்னாள். மரத்துப்போனது பற்றி இவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அதையும் எழுதிக்கொண்டாள். அதற்குத் தனி டாக்டர் இருக்கிறார், அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றாள். மிட்டாய் நாளைக்கு இரண்டு, மூன்றாவது கூடாது.

 திரும்பும் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுப் பூட்டை அவள் திறந்தாள். உள்ளே ஒரு காலை வைத்தவள் நின்று திரும்பினாள். இரண்டு மெஷினும் ஒரு டயட்டீஷியனும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"ஊதுங்க" என்றாள்.

அவர் ஊதினார். பாதியில் மூச்சு உடைந்தது. நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. ஏழு மாதமாக மரத்துக்கிடந்த இடம் அதுதான். கையை வாசல் நிலையில் ஊன்றிக்கொண்டார்.

"அழுகின பழம்தான்" என்றாள் அவள். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. "சரியா ஊதலை. இன்னொரு தடவை ஊதுங்க."