பூக்காத செடிக்கு நம்பர் இல்லை

சகாயநாதனுக்கு ஓசூர் கம்பெனியொன்றில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனுஷன் கெலமங்கலத்துப் பக்கம் ஒரு மொட்டைப் பாறைக்கு ஓடிவிடுவார். அங்கே என்ன புதையலா கிடக்கிறது? சாண் உயரச் செடிகள், அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து குதிரையில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அதைப் பறித்து, உலர்த்தி, நம்பர் போட்டு பாரிசுக்கு அனுப்பியிருந்தார். அதன்பிறகு படித்தவர்கள் யார் கண்ணிலும் படாத செடி. அவர் அனுப்பிய அந்த உலர்ந்த செடியின் படத்தைப் போனில் பார்த்த நாளிலிருந்து இவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர் மாதிரியே செய்யவேண்டுமாம். பூத்த செடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர் அடித்த தகரத்தைக் கம்பியில் கட்டி நட்டார். பூக்காததற்கு நம்பர் கிடையாது. பூவைப் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது என்பது அந்த வெள்ளைக்காரர் வைத்த முறை.

அந்தப் பாறையை உடைக்க மோகன்குமார் என்ற குவாரிக்காரன் அனுமதி கேட்டிருந்தான். சகாயநாதன் எதிர்த்து மனுப் போட்டார். செடி இருந்தால் வெடி கிடையாது, திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள் அதிகாரிகள்.

முந்தின நாள் ஞாயிறு அவர் போனபோது மோகன்குமாரும் இரண்டு ஆட்களும் கடப்பாரையோடு நின்றார்கள். தேடும் வேலையே இல்லை. தகரம் மின்னிய இடமெல்லாம் பிடுங்கி, டீசல் ஊற்றி எரித்துக்கொண்டிருந்தார்கள். அட பாவி மனுஷா, காட்டிக்கொடுத்தது உன் கைதானே! சகாயநாதன் பாய்ந்தார். ஒருவன் மண்டையில் கல்லால் ஒரு போடு போட்டார். அடுத்தவனின் கடப்பாரை அவர் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. குப்புற விழுந்தார்.

கண்ணுக்கு நேர் கீழே, பாறை இடுக்கில், இரண்டு இலையோடு அதே செடியின் குட்டி. இன்னும் பூக்காதது, நம்பர் இல்லாதது.

“இன்னும் எங்கனா இருக்குதாடா?” என்று மோகன்குமார் விலாவில் உதைத்தான்.

எல்லாம் போச்சு என்று முனகினார். உருண்டிருந்தால் உதை தப்பியிருக்கும். அவர் உருளவில்லை. இலை நசுங்காமல் நல்ல கையை ஊன்றி நெஞ்சைக் கவித்துக்கொண்டார். முகத்தில் விழுந்த உதையில் பல் இரண்டு தெறித்தது. படுபாவிகள் அலுத்துப்போய்க் கிளம்பினார்கள்.

ஓடி வரவேண்டியதுதானே என்று ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கிருபாராணி அழுதபடியே திட்டினாள்.

“எந்திரிச்சிருந்தா பாத்திருப்பானுங்க ராணி. என் ரத்தம் கெடக்கற எடத்துல பாரு.”

திங்கட்கிழமை அதிகாரிகளை அழைத்துப்போய்க் காட்டியது அவள்தான். பூ இல்லாமல் இன்ன செடி என்று சொல்ல முடியாது, பூக்கும்வரை பாறையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர்கள் ஜீப் ஏறினார்கள்.

கிருபாராணி ஏறவில்லை. பையிலிருந்து அரிவாளை எடுத்துச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“பூக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”