கதிரேசன் தடுக்கவில்லை

கதிரேசன் கல்நெஞ்சன். ஒருவன் சாகப்போவது தெரிந்தும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவனுக்கு வேறு பெயர் கிடையாது. இதை மணி சாரின் முகத்துக்கு நேரே பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை காலை மாரடைப்பில் அவர் இறந்துவிட்டார்.

செய்தி வந்த விதம் நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலை அவர் எண்ணிலிருந்து குரல்பதிவு வந்தால் அது கதிரேசன் கதையின் அடுத்த பகுதி. அன்றும் வந்தது. கேட்பதற்கு முன்பே, பழக்கத்தில், சிலர் கைதட்டல் படம் போட்டார்கள். நானும் போட்டேன். தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நின்று காதில் வைத்தால் அவர் மகளின் குரல். "அப்பா காலம்பற போயிட்டார். குரூப்ல சொல்லணும்னு... சாரி, எனக்கு இவ்ளோதான் தமிழ் வரும்." போட்ட கைதட்டலை அழிக்க ஒவ்வொருவராக ஓடினோம்.

மணி சார் மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துக்காரர். செம்பூரில் வீடு, ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. அவர் கதையின் நாயகன் கதிரேசன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்ட்டில் அவன் எந்த எண்ணை அழுத்துகிறானோ அத்தனை வருடம் பின்னால் போய்க் கதவு திறக்கும். எதிர்காலத்துக்குப் போகாது. "முன்னாடி போறதுக்கு பில்டர் இருக்கான், நமக்கெதுக்கு?" என்பார் சார். முதலில் கதையைத் தட்டச்சு செய்துதான் அனுப்பினார். யாரும் படிக்கவில்லை. என் தங்கைதான் உடைத்துச் சொன்னாள்: "சார், தமிழ் பேசுவோம். எழுத்து கூட்டிப் படிக்க வராது. பேசி அனுப்புங்க." அதன்பின் தாராவியில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அவர் குரல்தான்.

கதிரேசனுக்கு முழங்கால் வலி. நாயைக் கண்டால் பயம். போன காலத்திலிருந்து எதையும் எடுத்து வரமாட்டான். நடக்கப்போவதை யாரிடமும் சொல்லமாட்டான். ஒரு பகுதியில் பழைய தாராவிக்குப் போய், தாகத்துக்குத் தெருக்குழாயை நெருங்கினான். ஒருத்தி விரட்டினாள்: "எந்த வருசத்துல இருந்து வந்தா என்னல? கொடத்துக்குப் பின்னால நில்லு." நின்றான். அந்தப் பகுதி முழுக்க நின்றான். எங்கள் சந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடிசைகளை இடிக்க ஆள் வரப்போவது அவனுக்குத் தெரியும்.

மாட்டுங்கா ஓட்டலில் வைத்துக் கேட்டேன். "சார், உங்க ஆளு பெரிய ஒழுக்கசீலன். வரிசையில நிப்பான், வாயத் தொறக்கமாட்டான். கிளார்க் புத்தி."

"நான் கிளார்க்தானேடா. பின்ன கலெக்டர் புத்தியா வரும்?"

"இடிக்க வாராங்கன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா இடிபடாது. இடிபடலேன்னா இடிச்சவன் நல்லவனாயிடுவான். நடந்ததை அழிச்சா செஞ்சவன் தப்பிச்சுடுவான்டா, சுடலை."

"குடிசையில இருந்தவனும் தப்பிப்பாம்லா, சார்?"

சார் காப்பியை ஆற்றினார்.

குரலில் கேட்டதாலோ என்னவோ, கதிரேசன் நிஜ ஆள் என்பதுபோலவே குழுவில் பேச்சு போனது. ஒருவர் தன் சைக்கிளைத் திருடியவன் யாரென்று பார்த்து வரச் சொன்னார். இன்னொருவர் தன் கல்யாணத்தைத் தடுக்கச் சொன்னார். அவர் மனைவியும் குழுவில் இருந்தாள். இதெல்லாம் வேடிக்கைதான், பாப்பாத்தி அக்கா பேசும்வரை.

எங்கள் சந்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள் பாப்பாத்தி அக்கா. அவள் மகன் இசக்கி ஒரு வருடத்துக்கு முன் செம்பூரில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் மூச்சடைத்துச் செத்தான். கால் தவறி விழுந்தான் என்று குடியிருப்புச் சங்கம் சொன்னது. மணி சார் குடியிருந்த கட்டடம்தான் அது.

"சார், நான் பாப்பாத்தி பேசுதேன். அந்தக் கதிரேசன் தம்பி நம்ம பக்கம் வந்து போறாகல்லா? எசக்கி உங்க பில்டிங் தொட்டிக்குள்ள எறங்குன அன்னைக்கு ஒரு எட்டு போயி, எறங்காதலன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதன்பின் சில வாரங்கள் கதை வரவில்லை. ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன். அந்த வாரங்களில் அவர் தன் கட்டடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் காவலாளி வாயைத் திறந்து, அன்று பார்த்ததைச் சொன்னார்.

அடுத்த பகுதியில் கதிரேசன் லிஃப்ட்டில் ஒன்று என்ற எண்ணை அழுத்தினான். தொட்டி மூடி திறந்து கிடந்தது. இசக்கி கயிறு கேட்டான். கயிறு எதற்கு, மெஷின் வண்டி எதற்கு, சின்ன வேலைதானே, நீயே இறங்கு என்றார் சங்கச் செயலாளர். கதிரேசன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இசக்கி இறங்கினான். கதிரேசன் இன்றைக்குத் திரும்பி வந்து, நேரே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினான்: "அவனை யார் எறங்கச் சொன்னா?" அத்தோடு பகுதி முடிந்தது.

போனில் கத்தினேன். "அக்கா கேட்டது மவன, சார். நீங்க குடுத்தது சாட்சி."

"கதைல பொழைக்க வெச்சுடலாம்டா. திங்கக்கிழமை காலம்பற அந்தம்மா இட்லி ஊத்தறச்சே அவன் மறுபடி செத்துப்போவான். பின்னாடி போறது ஈஸி. திரும்பி வந்து சொல்றதுதான் கஷ்டம்."

பாப்பாத்தி அக்கா கடையிலேயே போனைச் சாய்த்து வைத்துக் கேட்டாள். "தம்பி தடுத்திருக்கலாம். தடுக்கல. ஆனா எம் மவன் தானா விழலன்னு சொல்லிட்டாகல்லா. பாத்தவுக சொல்லித்தான் ஆகணும்."

சங்கம் அவரை அழைத்துப் பதிவை நீக்கச் சொன்னது. "கதைதானே, ஏன் பயப்படறேள்?" என்று கேட்டுவிட்டு வந்தார். காவலாளி சொன்னதைப் போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். காவலாளியை அதற்குள் வேலையைவிட்டு அனுப்பியாகிவிட்டது. மணி சார் லிஃப்ட்டில் ஏறினால் உள்ளே இருந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். கடைசிவரை அவர் படியேறித்தான் வீட்டுக்குப் போனார். இதயம் பலவீனமானவருக்கு அத்தனை படிகள். இதையும் யாரும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள்.

கதிரேசனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காப்பாற்ற முடிந்தவன் காப்பாற்ற வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லிஃப்ட் இல்லாத நம்மால் யாரையும் பின்னால் போய்க் காப்பாற்ற முடியாது. கதவைத் தட்டிக் கேட்க முடியும். மணி சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை மட்டும்தான்.

நேற்று இரங்கல் கூட்டம். சங்கமே நடத்தியது. கட்டடத்தின் கீழே, அதே தொட்டி மூடியின் மேல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மணிஜிக்கு அபாரமான கற்பனை வளம் என்று செயலாளர் இந்தியில் பேசினார். நான் எழுந்து, கதிரேசன் கேட்டதையே இந்தியில் கேட்டேன்.

"இசக்கி கோ உதர்னே கோ கிஸ்னே போலா?"

பின்னாலிருந்து யாரோ என் சட்டையை இழுத்தார்கள். "கேக்கட்டும், விடுங்க," என்றாள் சாரின் மகள். செயலாளர் தண்ணீர் குடித்தார். பாப்பாத்தி அக்கா எழுந்து முன்னால் போய் அவர் எதிரில் நின்றாள்.

"எம் மவன யாரு எறங்கச் சொன்னா? ஒரு வார்த்த சொல்லுங்க."

சங்கத்து ஆட்கள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள்.