நாற்பத்தொரு கணினிகளும் ஒரு டைரக்டரியும்

இவரைப் பற்றிச் சொல்ல ஓர் எண் போதும்: நாற்பத்தொன்று. வரைபட அலுவலகத்தின் இரண்டு மாடிகளிலும் சேர்த்து அத்தனை லினக்ஸ் கணினிகள். பார்த்துக்கொள்வது இவர் ஒருவர். ஆறு ஆண்டுகளில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு எடுத்ததில்லை. வரைவாளர்களுக்கு அவர் பெயர் 'அப்டேட்'.

ஒவ்வொரு கணினியாகப் புதுப்பித்தால் வாரம் ஓடிவிடும். அதனால் வரைபட மென்பொருளை சர்வரில் ஒரே டைரக்டரியில், அதாவது ஒரே கோப்புறையில், வைத்திருந்தார். எல்லாக் கணினிகளும் அதை நெட்வொர்க் வழியாகப் படிக்கலாம், எழுத முடியாது. அவற்றின் சொந்த டிஸ்க்கில் அடிப்படைக் கோப்புகள் மட்டும். இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அக்காவுக்கு இவரை விட்டால் ஆளில்லை. அன்றைக்கு விடுப்பு கேட்டிருந்ததால், புதுப்பிக்கும் வேலையைத் திங்களன்றே முடிக்கப் பார்த்தார். சர்வர் அறையில் ஏசி ஓடவில்லை. அந்தப் புழுக்கத்தில் நிற்க முடியாமல், தன் மேசைக் கணினிக்கு மட்டும் டைரக்டரியில் எழுத அனுமதி கொடுத்துவிட்டு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து முடித்தார். அனுமதியைத் திரும்ப எடுக்க மறந்துபோனார்.

அந்தக் கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வகை. புதன் காலை பத்து மணிக்குப் புதிய பதிப்பை இறக்கி, பொது டைரக்டரியிலேயே எழுதிவிட்டது. மற்ற நாற்பதிலும் அடிப்படைக் கோப்புகள் பழையவை. ஒன்றிலும் வரைபடம் திறக்கவில்லை.

"என்ன அப்டேட், லீவு உங்களுக்கா எங்களுக்கா?" என்றார் மூத்த பெண் வரைவாளர்.

"பத்து நிமிஷம் குடுங்க மேடம்."

"உங்க பத்து நிமிஷம் தெரியாதா? நான் சாப்பிட்டே வந்துடறேன்."

கோப்புகளின் நேரத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் அனுமதியை எடுத்தார். தன் கணினியைப் பழைய பதிப்புக்கே மாற்றினார். திங்கள் மாலை எடுத்துவைத்த நகலைத் திருப்பி ஏற்றத் தொடங்கினார். மூன்று மணி நேரம் ஆகும் என்று திரை சொன்னது.

மேலாளர் வந்து நின்றார். "நெட்வொர்க் கோளாறுன்னு மேல எழுதிடவா?"

"வேண்டாம் சார். என் தப்பு. எழுத விட்டு வெச்சிருந்தேன், மூடல."

"ஏன்யா, நானே ஒரு காரணத்தை எடுத்துக் குடுக்கறேன், வேண்டாங்கற?"

"அப்படி எழுதினா கேபிள்காரங்க வந்து எல்லாத்தையும் பிடுங்கிப் போடுவாங்க சார். திரும்ப நான்தான் மாட்டணும்."

மேலாளர் சிரிக்கவில்லை. "அப்ப நாளைக்கு முழு நாள் தர முடியாது. இப்படி ஆன மறுநாளே ஆள் இல்லைன்னா என்னைக் கேப்பாங்க. மதியம் வரைக்கும் எடுத்துக்க."

மாடிப்படியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, அரை நாள்தான் கிடைச்சுது."

"எந்த அரை நாள்?"

"காலைல."

"அறுக்கும்போது நீ வெளிய உக்காந்து என்னடா பண்ணப்போற? கண்ணு முழிக்கும்போதுதான் ஆள் வேணும். சரி விடு, நர்ஸ் இருப்பாங்க. நீ சாப்டியா?"

இன்னும் இல்லை. சாப்பிட்டதாகச் சொன்னார்.

இரண்டு மணிக்கு நாற்பத்தொன்றும் திறந்தன. எல்லோரும் வேலையில் குனிந்தார்கள்.

அக்காவுக்கு மயக்கம் தெளிய நாளை பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒன்றரைக்கே இவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.